காடும் ஆறும் நீர்த்தேக்கமும்: மலையகத் தமிழிலக்கியத்தில் நிலக்காட்சி பற்றிய ஒரு நோக்கு

1

மலையகத் தமிழிலக்கியம் பற்றி எழுந்த அணிந்துரைகளிலும் மதிப்புரைகளிலும் ஒரு பாராட்டுத் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காண்கிறோம். ஆசிரியர் மலையகத்தின் இயற்கை எழிலை நம் கண்முன் நிறுத்திவிடுகிறார் என்பதே அது. பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலை மலை, வெள்ளியை உருக்கி வார்த்தாற் போன்ற அருவி, மலைமுகட்டிற் படியும் மூடுபனி என்பன இருந்துவிட்டால் அப்படைப்பு 'மண் வாசனை' பெற்றுவிட்டதாகக் கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. தொழிலாளரின் துன்பம் கதையின் 'உள்ளடக்கம்' எனவும், மலையும் ஆறும் காடும் அதன் 'பின்னணி' எனவும் பிரித்து நோக்கப்படுகின்றன.

இப்பிரிப்புச் சரியானதா என்பதே இக்கட்டுரையின் வினா. மத்திய மலைநாட்டிலே, குறிப்பாக நுவரெலியா, ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளிலே, இன்று கண்ணுக்குப் புலப்படும் நிலம் மனித உழைப்பினால், அதுவும் ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறைமைக்கு உட்பட்ட உழைப்பினால், ஆக்கப்பட்டதாகும். அவ்வாறாயின், அதனை வெறும் பின்னணியாகக் காட்டும் இலக்கியம், காட்டும்போதே ஒன்றை மறைத்தும் விடுகிறது. மறைக்கப்படுவது அந்நிலத்தை ஆக்கியவரின் உழைப்பே. எனவே ஒரு படைப்பில் நிலம் எவ்வளவு அழகாக வருணிக்கப்பட்டுள்ளது என்பதிலும் பார்க்க, அந்நிலம் யாருடைய பார்வையிலிருந்து, எந்த உறவின் அடிப்படையிற் காட்டப்பட்டுள்ளது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி என்பது நமது கருத்து.

2

இலக்கியத்தை நோக்குமுன் நிலத்தைச் சற்று நோக்குதல் அவசியம். பீதுருதாலகாலை (2524 மீற்றர்), ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை (2243 மீற்றர்) ஆகியவற்றை உள்ளடக்கிய இம்மலைத் தொகுதியே இலங்கையின் பேராறுகள் பலவற்றின் பிறப்பிடம். மகாவலியும் களனியும் களு கங்கையும் வளவை கங்கையும் இங்கிருந்தே இறங்குகின்றன. நானு ஓயாவையும் ஆக்ரா ஓயாவையும் ஏற்றுக்கொண்டு கொத்மலை ஓயா மகாவலியை நோக்கிச் செல்கிறது. சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. தென்மேல் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றருக்கும் அதிகம்.

இவ்வளவும் இயற்கை. ஆனால் இதற்குமேல் நாம் காண்பனவெல்லாம் வரலாறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் அரசுடைமை எனக் கொள்ள வழிவகுத்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திவந்த காடுகள் இவ்வாறு முடியின் கைக்கு மாறின. அதே காலப்பகுதியில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்னும் விலைக்கு அக்காடுகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அக்காடுகளை வெட்டி, எரித்து, கல் பொறுக்கி, வடிகான் வெட்டிக் கோப்பியை நாட்டினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளிற் செந்நோய் கண்டது. அதனையடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. ஒரே சரிவை ஒரே மக்கள், சில வேளைகளில் ஒரே தலைமுறையினரே, இருமுறை உருவாக்கியுள்ளனர்.

எஞ்சியுள்ள காடுகூட இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கீழே காடழிந்த வேகத்தைக் கண்ட நிலையில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873இல் வழங்கிய ஆலோசனையின் பேரில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியை அண்டிய காடு இன்று நமக்குக் 'கன்னிக் காடாக'த் தோன்றுவது அத்தடையினாலேயாம். அதே 1873இலேதான், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பீதுருதாலகாலையிலிருந்து இறங்கும் நீரை மறித்து நுவரெலியாவில் கிரகரி வாவி அமைக்கப்பட்டது. ஆக, நுவரெலியாவுக்குச் செல்வோர் தூய இயற்கை எனக் கண்டு மகிழும் காடு, வாவி ஆகிய இரண்டுக்கும் ஓர் ஆண்டு எண்ணும் ஓர் அரச நடவடிக்கையும் பின்னால் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இந்நிலத்தை இலக்கியத்தில் விளக்குவதற்குத் தமிழாய்வாளர் முதலிற் கைக்கொள்வது திணைக் கோட்பாட்டையே. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. எனவே மலையகமும் குறிஞ்சி என்பது அவர்தம் முடிபு. மலையகக் கவிஞரும் இதனை விரும்பி ஏற்றுள்ளனர். குறிஞ்சித் தென்னவன் போன்ற புனைபெயர்களும், குறிஞ்சிப் பூ என்னும் கவிதைத் தொகுப்பின் பெயரும் இதற்குச் சான்று. நாடற்றவரென முத்திரை குத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தொன்மையான தமிழ் நிலப் பாகுபாடொன்றுள் இருத்திக்கொள்ள விழைந்தமையின் சமூக உளவியலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்விழைவு நியாயமானது. ஆயினும் ஆய்வு நிலையில் இவ்வொப்புமை நிலைக்குமா என்பது வேறு வினா.

திணை என்பது இயற்கைக் காட்சியின் பெயரன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, அந்நிலத்துக்குரிய தொழிலையும் உணவையும் தெய்வத்தையும் கருப்பொருளாக இணைத்து, மனித உறவொன்றை உரிப்பொருளாகக் கூறும் ஒரு முழுமை அது. திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியச் சமூகத்தின் சீரற்ற பொருளாதார வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய ஆய்வும், வீரயுகச் சமூகம் பற்றிய க. கைலாசபதியின் ஆய்வுகளும் இவ்வகையில் நமக்கு வழிகாட்டின. குறிஞ்சி மாந்தர் தினை விதைத்தனர், தேன் அழித்தனர், கிழங்கு அகழ்ந்தனர். விளைந்ததை அவர்களே உண்டனர். உற்பத்தி செய்தவனுக்கும் உற்பத்திப் பொருளுக்குமிடையே அங்குப் பெரும் பிளவு இல்லை. தேயிலை மலையிலோ கொழுந்து பறிப்பவள் பறித்த கொழுந்து 1998 வரை இலண்டன் ஏலச் சந்தைக்கும் சென்றது, இன்று கொழும்பு ஏலச் சந்தைக்குச் செல்கிறது. அவள் வீட்டிலே காய்ச்சும் தேநீர் பெரும்பாலும் மலிந்த தூளினாலானது. மலை ஒன்றாயிருப்பினும் மலையோடு மனிதர் கொண்ட உறவு வேறானது. உறவு வேறாகும்போது திணையும் வேறாகவே வேண்டும்.

அவ்வாறாயின் மலையகத்தைப் பாலை எனலாமா? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. ஊரையும் உறவையும் பிரிந்து வந்தோரின் நிலத்துக்கு இது பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் சிலப்பதிகாரம் காட்டும் திரிபு வேனிலின் வெம்மையாலும் மழையின் வறட்சியாலும் நேர்வது. மழை பெய்ய மீண்டும் பழைய நிலையை அடையக்கூடியது. மலையகத்தின் திரிபு மூலதனத்தாலும் சட்டத்தாலும் நேர்ந்தது. மழை பெய்தால் மறையும் பாலையன்று இது. 5000 மில்லிமீற்றர் மழைக்கு நடுவே நிலைத்திருக்கும் பாலை. ஆகவே பழைய திணைப் பெயரொன்றைத் தேடிச் சூட்டுவதைவிட, திணைக் கோட்பாட்டின் முறையியலைக் கைக்கொண்டு, அதாவது நிலம், தொழில், மனித உறவு ஆகிய மூன்றையும் பிரிக்காது நோக்கும் முறையைக் கைக்கொண்டு, புதிய நிலத்தை ஆராய்வதே பயன்தரும்.

தொழிலாளரின் பேச்சு வழக்கே இதற்கு வழிகாட்டுகிறது. தோட்டத்தில் 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குச் செல்லுதல் என்பது பொருள். 'மலை' என்பது அங்குச் சிகரமன்று. பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து அனுப்பப்படும் வேலைத் தலம். தமிழகத்தின் மானாவாரிப் பகுதிகளிலே 'காட்டுக்குப் போதல்' என்பது புன்செய் நிலத்துக்கு உழைக்கச் செல்லுதலைக் குறிப்பது போன்றதே இதுவும். காட்டுக்குப் போய் வந்தவரின் வழித்தோன்றல்கள் மலைக்குப் போகின்றனர். துரைமார் தம் ஊர்நினைவாக ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்லயன் எனத் தோட்டங்களுக்குப் பெயரிட்டனர். தொழிலாளர் தம் வழக்கிற் 'புதுக்காடு' போன்ற பெயர்களை அவற்றுக்கு வழங்கினர். முன்னையது விட்டுவந்த நிலத்தின் நினைவு. பின்னையது வெட்டித் திருத்திய நிலத்தின் நினைவு. பெயர்களிற்கூட இரு வர்க்கங்களின் புவியியல் இவ்வாறு வேறுபட்டுக் கிடக்கிறது.

4

இவ்வடிப்படையிற் சில படைப்புக்களை நோக்குவோம்.

1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' மலையகத் தோட்ட வாழ்வு சார்ந்து அச்சேறிய மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று. கோப்பிச் செய்கையின் முறைகளைக் கும்மி வடிவிற் கற்பிக்கும் இந்நூலில் நிலம் திருத்தப்படவேண்டிய பொருளாகவே தோற்றுகிறது. திருத்தும் கைகள் பணியவேண்டிய கைகள். திருத்துவிக்கும் துரையோ போற்றப்படவேண்டியவர். மக்களின் ஆடல் வடிவமாகிய கும்மி, தோட்ட முகாமைத்துவத்தின் குரலுக்குக் கருவியாயிற்று. கோப்பிச் செந்நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆண்டும் அதே 1869 ஆகும். என்றும் நிலைக்குமென அந்நூல் நம்பிய நிலக்காட்சி, நூல் வெளிவந்த வேளையிலேயே சிதையத் தொடங்கிவிட்டது. ஆளும் வர்க்கம் தான் உருவாக்கிய நிலக்காட்சியை இயற்கையின் நிரந்தர நியதியாக எண்ணும் மயக்கத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதே காலத்து நாட்டார் பாடல்களிற் காணப்படுவது முற்றிலும் வேறான புவியியல். கண்டிச் சீமைக்கு வந்து ஊரை இழந்ததையும் தோப்பை இழந்ததையும் பெற்றவளை இழந்ததையும் எண்ணிச் சொல்லும் பாடல்கள் நாமறிந்தவையே. அவற்றில் நினைவாக வருவது பனையும் கம்மாயும் கொண்ட சமவெளி. நிகழ்காலமாக வருவது அட்டையும் குளிரும் வழுக்கும் பாதையுங் கொண்ட மலை. இப்பாடல்களில் மலையழகு பற்றிய வருணனை அரிது. மலையை ஏறியவருக்கு அது உயரமாகவே தெரிந்தது, காட்சியாகத் தெரியவில்லை. இதனை இரசனைக் குறைவு என்பார் உளராயின், அவர் மலையை ஏறாது பார்த்தவர் என்றே கொள்ளவேண்டும்.

1935இற் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக் கேணி' பயனுள்ள ஒரு மாற்றுச் சான்று. நேரடித் தோட்ட அனுபவத்திலிருந்து அது எழுந்ததன்று. புவியியல் நுணுக்கங்களை அதில் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் மருதியின் வாழ்வைச் சிதைக்கும் அதிகார அடுக்கு, திருநெல்வேலிக் கிராமத்தின் நிலவுடைமை ஒடுக்குமுறைக்கும் இலங்கைத் தோட்டத்தின் ஒடுக்குமுறைக்குமிடையே உள்ள தொடர்ச்சி ஆகியவற்றை அக்கதை தவறாது காண்கிறது. மண்ணை அறியாதிருந்தும் மண்ணின் மீதான உறவை அறிந்திருந்தமையால் அக்கதை இன்றும் நிற்கிறது. எனவே 'மண் வாசனை' என்பது செடி கொடிகளின் பெயர்ப் பட்டியலால் வருவதன்று என்பது தெளிவு.

இதற்கு மறுதலையாக, மண்ணையும் உறவையும் ஒருங்கே அறிந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984). மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, அவருக்கு வாக்களித்த மக்களே வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலஐயாவினால் தமிழாக்கப்பட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையில், தேயிலைச் செடியின் பசுமைக்கு அடியில் அதனை நட்டு மாண்டவர்களின் உடல்கள் உள்ளன என்னும் உணர்வு தொனிக்கிறது. நினைவுக்கல்லற்ற இடுகாடாகவே தேயிலை மலை அங்கே காட்சி தருகிறது. இங்கு இயற்கை வருணனை உண்டு. அது அழகாகவும் உள்ளது. ஆனால் அவ்வழகு உழைப்பை மறைப்பதில்லை. உழைப்பின் தடயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பாராளுமன்ற இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட மக்களின் பெயரை மண்ணிலே பதிவுசெய்யும் கவிதை அது எனலாம். நிலத்தின் மீதான உரிமையைச் சட்டம் மறுத்த வேளையில், இலக்கியம் அவ்வுரிமைக்கு வேறொரு சாட்சியத்தை முன்வைத்தது.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தலைப்பிலேயே நமது வினாவை எழுப்பிவிடுகிறது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. தமிழகக் கிராமத்திலிருந்து ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட வள்ளிக்கு மலைநாடு முதலில் தூரத்துப் பச்சையே. அருகில் வந்தபின் அது அட்டைக் கடியாகவும் கங்காணியின் கடன் கணக்காகவும் ஆகிறது. தூரம், அண்மை என்னும் புவியியற் சொற்கள் இங்கு வர்க்க நிலைப்பாட்டைக் குறிப்பனவாகின்றன. எனினும் இந்நாவலின் சில பகுதிகளில் ஆசிரியரே தூரத்திலிருந்து பார்ப்பவராகிவிடுகிறார் என்பதையும் நாம் குறிப்பிடவேண்டும். அங்கெல்லாம் அனுதாபம் மிகுந்து, காரணகாரியத் தெளிவு குறைகிறது. தலைப்புக் கண்ட முரண்பாட்டை நாவல் முழுவதும் இறுதிவரை தாங்கவில்லை.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை இதனோடு ஒப்பிடுவோம் (இதே தலைப்பிலான தொகுதி 1980இல் வெளிவந்தது). வழக்கத்தை மீறிய நிறையுடன் கொழுந்து கொண்டுவரும் இளம்பெண்ணொருத்தி மீது ஐயம் விழுகிறது. தன் கைத்திறனாலேயே அந்நிறை வந்தது என்பதை அவள் நிலைநாட்டவேண்டியுள்ளது. இக்கதையின் நிலம் நிரைநிரையாகப் பகுக்கப்பட்ட நிலம். ஒரு நிரையின் செடி செழிப்பா, வறட்சியா, ஏற்றமா, இறக்கமா என்பன இறாத்தலாக மாறி அவளது பெயருக்கு எதிரே எழுதப்படுகின்றன. புவியியல், கூலிக் கணக்காக மாறும் அந்தக் கணத்தை இராமையா பிடித்துவிடுகிறார். மலையைப் பற்றித் தனியே ஒரு பந்தி வருணனை அவருக்குத் தேவைப்படவில்லை. வேலை நிகழும்போது மலை தானாகவே புலப்படுகிறது.

'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியின் ஆசிரியரான தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இன்னொரு திசையில் இதே வெற்றியை அடைகிறது. வெளியே ஆயிரக்கணக்கான ஏக்கர் விரிந்து கிடக்க, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே லயக் காம்பராவில் நெருக்குண்டு தாம்பத்தியத்தின் அந்தரங்கத்தையும் இழந்த குடும்பமொன்றின் கதை அது. நிலத்தின் விரிவும் வீட்டின் ஒடுக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. ஒன்றின் விளைவே மற்றையது. நிலம் முழுவதும் ஏற்றுமதிப் பயிருக்கு உரியதாகையால், அதனை ஆக்கியவருக்கு ஒரு காம்பராவே மிஞ்சியது. ஏறத்தாழப் பன்னிரண்டுக்குப் பத்து அடி கொண்ட அவ்வறையும் மலையகப் புவியியலின் ஓர் அலகே. மலையை மட்டும் நிலக்காட்சியாகக் கொண்டு காம்பராவை 'வாழ்க்கைப் பிரச்சினை' என ஒதுக்கும் திறனாய்வு இவ்வுண்மையைக் காண இயலாது.

5

காடும் தேயிலை மலையும் இவ்வாறு நம் இலக்கியத்தில் ஓரளவு உழைப்பின் வரலாறாகப் பதிவாகியுள்ளன. ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் பற்றி அவ்வாறு கூறமுடியுமா? இங்கேதான் நாம் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்திட்டம் செயற்படத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் அமைந்தன. மவுஸ்ஸாக்கலையின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. 1985இற் கொத்மலை அணை நிறைவுற்றபோது சிங்களக் கிராமங்கள் பலவும் அவ்வாறே நீருக்குள் சென்றன. வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய மஸ்கெலியாவின் கோயிற் சிதைவு வெளிப்படுவதும், மக்கள் சேற்றில் இறங்கிச் சென்று அதனைக் காண்பதும் இன்றும் நிகழ்கின்றன.

இந்நீரிலிருந்து பிறந்த மின்சாரம் மலைக்கு மேலாகக் கம்பிகளிற் கொழும்புக்குச் சென்றது. நீர்த்தேக்கத்தின் கரையிலேயே இருந்த லயங்கள் பலவற்றுக்கு அது வந்துசேரப் பல்லாண்டுகள் சென்றன. குப்பி விளக்கொளியிற் படித்த தலைமுறையொன்று, நாட்டுக்கு ஒளி வழங்கிய நீரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்ததற்கு மறு ஆண்டிலேயே காசல்ரீ நிறைந்தது. அந்நீரை ஊட்டும் சரிவுகளைத் திருத்தியவர்களுள் ஒரு பகுதியினர், இந்நாட்டுக்குரியவரல்லர் எனக் கப்பலேறத் தொடங்கினர். இயற்கை வளமும் மனித உழைப்பும் ஒருங்கே மலையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லப்படும் உறவை இதனிலும் திரண்ட வடிவிற் காணல் அரிது.

ஆயினும் நம் படைப்புக்களில் அருவிக்குக் கிடைத்த இடம் அணைக்குக் கிடைக்கவில்லை. நீர்த்தேக்கம் வரும் இடங்களிலும் அது பெரும்பாலும் காதலர் சந்திக்கும் கரையாகவோ, துயருற்றவர் உயிர்விடும் ஆழமாகவோ தோன்றி மறைகிறது. எங்கிருந்து வந்தது, எதனை மூழ்கடித்தது, எங்கே செல்கிறது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. அருவியோ பழைய கவிதை மரபிலிருந்து ஆயத்தமான உவமைகளோடு வந்துசேர்கிறது. அணைக்கு அத்தகைய மரபுரிமை இல்லை. ஆகவே ஆசிரியர் தம் கண்ணால் கண்டு புதிதாகச் சொல்லவேண்டியதாகிறது. மரபு வழங்கிய கண்ணால் மட்டும் நிலத்தைப் பார்க்கும்போது, மரபு அறியாத நிலம் கண்ணெதிரே இருந்தும் புலப்படாது போகும்.

அருவியும் இன்று பழைய அருவியன்று. 2012இல் மேற்கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் ஓயாவை மறித்து நீரைச் சுரங்கவழியே திருப்பியதன் பின், சென். கிளெயர் அருவிக்கு விடப்படும் நீர் திட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பகற்பொழுதிற் குறித்த மணி நேரத்துக்கு நீர்விட ஏற்பாடாயிற்று. பெரட்டுச் சங்குக்கு ஏற்ப மலைக்குச் சென்ற மக்களின் நிலத்திலே, இன்று அருவியும் நேரக்கணக்குக்கு உட்பட்டு விழுகிறது. அதனை இன்னும் வெள்ளியுருக்கு என வருணிப்பவர், தாம் வருணிப்பது பார்வையாளருக்கென ஒழுங்குசெய்யப்பட்ட ஒரு காட்சியையே என்பதை அறியவேண்டும். பழைய துரைமார் பங்களாக்களிற் சில உல்லாச விடுதிகளாகி, அவற்றின் விறாந்தையிலிருந்து நீர்த்தேக்கத்தைக் காண்பது விலைக்குரிய பண்டமாகிவிட்ட இக்காலத்தில், இவ்வறிவு இலக்கிய ஆசிரியனுக்கு முன்னெப்போதையிலும் தேவையாகிறது.

6

நமது அணியைச் சேர்ந்த திறனாய்வாளர் சிலர் இவ்விடத்து ஒரு தடையை எழுப்பலாம். வேலைநிறுத்தமும் கூலிப் போராட்டமும் இலக்கியத்தின் மையமாயிருக்க வேண்டிய வேளையில், ஆறு, காடு பற்றிய ஆய்வு உருவவாதத்துக்கு இடமளிப்பதாகாதா என்பது அத்தடை. இத்தடையில் ஓர் உண்மை இல்லாமலில்லை. இயற்கை வருணனையின் பெயரால் முரண்பாட்டை மழுப்பிய எழுத்துக்களை எதிர்த்தே முற்போக்கு விமர்சனம் வளர்ந்தது. ஆனால் அப்போராட்டத்தின் வேகத்தில் நாமும் ஒரு தவறிழைத்தோம். அழகியலாளர் நிலத்தைப் பின்னணி என்றனர். நாமும் அதனை மறுக்காது, அப்பின்னணி வேண்டா என்று மட்டும் கூறினோம். அவர்கள் செய்த பிரிப்பை நாமும் ஏற்றுக்கொண்டோம் என்பதே இதன் பொருள். உழைப்பு என்பது மனிதனுக்கும் இயற்கைக்குமிடையே நிகழும் ஒரு செயற்பாடு என்பது மார்க்சியத்தின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. இயற்கையை நீக்கிவிட்டு உழைப்பைப் பேசுவது, வர்க்கத்தை நீக்கிவிட்டு இயற்கையைப் பேசுவதைப் போன்றே அரைகுறையானது.

இது வெறும் கோட்பாட்டுச் சர்ச்சையுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அச்சரிவு அபாயமுடையது என்ற எச்சரிக்கைகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தன. காடு வெட்டப்பட்ட சரிவில், வேலைத் தலத்துக்கு அண்மையாகத் தோட்ட நிருவாகத்தின் வசதி கருதி அமைக்கப்பட்ட லயங்களில், செல்வதற்கு வேறு நிலமில்லாத மக்கள் வாழ்ந்தனர். அங்கு வீழ்ந்தது மண் எனினும், அம்மண்ணுக்குக் கீழே அவர்களை இருத்தியது வரலாறு. அத்தகைய நிகழ்வை 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதும் கவிதை, தன்னையறியாமலே பொறுப்புக்குரியோரை விடுவித்துவிடுகிறது. நிலக்காட்சி பற்றிய பார்வைத் தெளிவு உயிரோடு தொடர்புடைய ஒன்று என நாம் கூறுவது இதனாலேயே.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை சட்ட அளவிற் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராதிருப்பது நிலவுரிமை. இந்நாட்டின் பிரசைகளாகிய தோட்ட மக்களிற் பெரும்பாலோருக்குத் தாம் வாழும் காம்பராவின் அடிநிலத்துக்குக்கூட உறுதி இல்லை. நிலத்துக்கான அக்கோரிக்கையை இலக்கியம் தன் வழியிலே வலுப்படுத்தக்கூடும். இந்த மலை யாரால் ஆக்கப்பட்டது என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுத்திற் பதித்துவைப்பதே அவ்வழி. சி. வி. அதனைத் தொடங்கிவைத்தார், இராமையாவும் ஜோசப்பும் வெவ்வேறு வகையில் தொடர்ந்தனர். ஆற்றையும் அணையையும் மூழ்கிய நகரத்தையும் எழுதும் கடமை அடுத்துவருவோருக்கு உரியது.

மலையகத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் தொகை முன்னரிலும் பெருகியுள்ள இன்று, தமிழ்ச் சங்கங்கள் இவ்வகையில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. தோட்டங்களுக்கும் அவற்றின் மலைகளுக்கும் ஓடைகளுக்கும் பீலிக்கரைகளுக்கும் தொழிலாளர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களை, அவற்றை அறிந்த முதியோர் மறையுமுன், தோட்டந்தோறும் சென்று தொகுக்கவேண்டும். துரைமார் இட்ட பெயர்கள் வரைபடத்தில் உள்ளன. இவை நாவில் மட்டுமே உள்ளன. அப்பெயர்த் தொகுதி மலையக இலக்கிய ஆய்வுக்கு நாம் வேண்டும் முதல் வரைபடமாக அமையும்.